மான்சாவின் பல்லும் யாருக்கும் நிற்காத டாக்சியும்

"காத்திருக்கிறதுங்கறது ஒரு வியாதிப்பா. நிறைய பேருக்குப் பிறவியிலேயே இருக்கு. என் உடம்புல மட்டும் ஒட்டவே ஒட்டாது. எனக்குச் சாவு வந்தாலும், அது வாசலைத் தட்டுறதுக்குள்ள நான் கிளம்பிப் போயிருப்பேன்."

இப்படிச் சொன்னவர் டாக்சி டிரைவர் க்வாபெனா சர்போங். சொன்ன இடம், கெஜெட்டியா டாக்சி நிலையத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடை. பெஞ்சில் இடம் காலியாகும்வரை பொறுக்க முடியாமல் நின்றபடியே, இடித்த கிழங்குக் களியான ஃபுஃபுவை உருட்டி விழுங்கிக்கொண்டு சொன்னார். சுற்றி உட்கார்ந்திருந்த டிரைவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசலாம் என்று வாயிலிருந்ததை விழுங்கி முடிப்பதற்குள் அவர் கை கழுவிவிட்டுப் போயிருந்தார்.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை அது. எங்கள் டாஃபோ லைனில் ஒரு டாக்சிக்கு நாலு பேர் என்பது சட்டம். நாலாவது ஆள் வரும்வரை மற்ற டிரைவர்கள் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவார்கள், கால்பந்து பேசுவார்கள். சர்போங் மூன்று பேரோடு கிளம்பிவிடுவார். மனம் சரியில்லாத நாட்களில் இரண்டு பேர் போதும். ஒருமுறை ஓர் அம்மாளின் கிழங்கு மூட்டையை டிக்கியில் ஏற்றியதும், ஏற்ற வேண்டியதை ஏற்றியாகிவிட்டது என்ற திருப்தியில் கிளம்பிவிட்டார். மூட்டை டாஃபோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மாள் அடுத்த டாக்சியில் வந்து, சங்கத்தில் புகார் கொடுத்து, தலைவர் வந்து விசாரிப்பதற்குள் சர்போங் மறுபடியும் கெஜெட்டியாவில் இருந்தார்.

அவருடைய வண்டியின் பின்கண்ணாடியில் 'நேரம்' என்று மட்டும் ஒட்டியிருக்கும். பழைய சொந்தக்காரர் 'கடவுளின் நேரமே நல்ல நேரம்' என்று ஒட்டி வைத்திருந்தார். அந்தக் கருத்து சர்போங்குக்கு உடன்பாடில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் ஸ்டிக்கர் சுலபமாக வரும் என்றார்கள். ஊறும்வரை யார் நிற்பது? சுரண்டினார். கண்ணாடியில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். கடைசி 'நேரம்' மட்டும் உரிந்து வரவில்லை, விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி செர்வா. தொழில், தலை பின்னுவது. ஒரு தலைக்குக் காலையில் உட்கார்ந்தால் மாலை ஆகும். நூல்நூலாகப் பிரித்து, பின்னி, முடிச்சிட்டு, அடுத்த கீற்றுக்குப் போவாள். அந்தப் பக்கம் கடக்கும்போதெல்லாம் சர்போங்குக்கு மூச்சு முட்டும். 'இன்னுமா இதே தலை?' என்பார். செர்வா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

பெண்கள் மூன்று. மூத்தவர்கள் இருவரும் பள்ளிக்குப் போகிறவர்கள். மூன்றாவது மான்சா, மூன்று வயசுக்காரி. டாக்டர் சொன்ன தேதியைத் தாண்டித்தான் பிறந்தாள். பிரசவ வார்டு வாசலில் அப்பா நர்ஸிடம் சண்டை போட்டதை அந்த வார்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி.

காலையில் முதல் சவாரியோடு வீட்டைத் தாண்டும்போது சர்போங் இரண்டு ஹாரன் அடிப்பார். வண்டி நிற்காது, கொஞ்சம் வேகம் குறையும். அவர் அகராதியில் அதுவே பெரிய சலுகை. ஹாரன் கேட்டதும் மான்சா எங்கிருந்தாலும் விழுந்தடித்து ஓடிவந்து கையாட்ட வேண்டும். பாதி நாள் அவள் கையாட்டுவது டாக்சிக்கு அல்ல, அது கிளப்பிவிட்டுப் போன செம்மண் புழுதிக்குத்தான்.

அன்றைக்கும் ஹாரன் கேட்டது. மான்சா ஓடினாள். துவைத்த தண்ணீர் முற்றத்தில் தேங்கியிருந்தது. கால் வழுக்கி, ஃபுஃபு இடிக்கும் மர உரலின் விளிம்பில் வாய் அடிக்க விழுந்தாள்.

செர்வா போன் செய்தபோது சர்போங் இரண்டு தெரு தாண்டியிருந்தார். அப்படியே வண்டியைத் திருப்பினார். பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பயணிகளை இறக்கிவிடலாம் என்று தோன்றவில்லை. இறக்கிவிட வேண்டுமானால் நிறுத்த வேண்டும். ஆகவே அவர்களும் முற்றத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

நடுவில் முற்றமும் சுற்றிலும் ஆறு குடித்தனமும் உள்ள வீடு அது. யாருக்கு அடிபட்டாலும் ஆறு குடித்தனத்துக்கும் கருத்து உண்டு. மான்சா செர்வாவின் மடியில் இருந்தாள். வாயில் ஈரத்துணி. ரத்தம் கொஞ்சம் நின்றிருந்தது. சர்போங் துணியை விலக்கிப் பார்த்தார். மேல்வரிசையில், நட்டநடுவில், நேற்றுவரை ஒரு பல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. சிவப்பாக ஒரு குழி மட்டும்.

"பல்லு எங்க?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் எதிர் அறை ஃப்ரேமா அக்கா, எல்லாருக்கும் தெரிந்த பயத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். விழுந்த பல்லைக் கூரைமேல் எறிய வேண்டும். அதற்கு முன்னால் ஓணான் பார்த்துவிட்டால் அந்த இடத்தில் புதுப் பல் முளைக்காது. எங்கள் ஊரில் ஓணானுக்குப் பஞ்சமா? சுற்றுச்சுவர் நெடுகிலும் சிவப்புத் தலையும் நீல உடம்புமாக உட்கார்ந்து, நடப்பது எல்லாம் சரிதான் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தன. எலக்ட்ரீசியன் அட்டா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சுவரோடு போருக்குப் போனார். மற்றவர்கள் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். மூன்று பயணிகளும் தேடினார்கள். அவர்களில் ஒருவர் வேலைக்குத் தாமதமாகிவிட்டதை மறந்து, உரலைப் புரட்டிப் பார்க்கவும் உதவினார்.

கூரையா என்ற கேள்விக்கே இடமில்லை என்று சர்போங் சொல்லிவிட்டார். ரேடியோவில் ஒரு டாக்டர் பேசியதை வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். விழுந்த பல்லைப் பாலில் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் திரும்ப ஒட்டவைக்கலாம். அந்த டாக்டர் அதற்கடுத்து, பால்பல்லாக இருந்தால் வேண்டாம் என்றும் சொல்லியிருப்பார். ஆனால் அதற்குள் சர்போங் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றியிருந்தார்.

"முதல்ல பிள்ளையத் தூக்கிட்டுப் போகலாம்," என்றாள் செர்வா.

"பல்லு இல்லாம போயி? சட்டையில்லாம பட்டன் தைக்கப் போற மாதிரி இருக்கும்."

"பட்டன்தான் இல்ல. சட்டை என் மடியில இருக்கு."

இதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. ஏனென்றால் சர்போங்கின் கண்ணில் கோழி பட்டுவிட்டது. ஃப்ரேமா அக்காவின் பழுப்புக் கோழி, உரலுக்குப் பக்கத்தில், ரத்தத்துளி விழுந்த அதே மண்ணைக் கொத்திவிட்டு, குற்றவாளிகளுக்கே உரிய அலட்சியத்தோடு நடந்துகொண்டிருந்தது.

"அதுதான் முழுங்கியிருக்கு."

ஃப்ரேமா கோழியை வாரி எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "என் கோழிமேல யாராவது கை வெச்சா, இந்த முத்தத்துல பல்லு தேடுற கூட்டம் இன்னும் பெருசாயிரும். சொல்லிட்டேன்."

அட்டா சமாதானத்துக்கு வந்தார். விவேகமான மனிதர். கோழி எதை விழுங்கினாலும் ஒருவழியாக வெளியே வந்துதானே ஆகவேண்டும், அதுவரைக்கும் கூடையில் கவிழ்த்து வைத்துப் பொறுத்திருந்தால் நாளைக் காலைக்குள் பல் தானாக வந்துவிடும் என்றார்.

"நாளைக்கா?" என்றார் சர்போங்.

கோழியின் விதி அந்த ஒரு சொல்லில் முடிந்துபோயிற்று. இதைவிடக் கொழுத்த கோழி, அதுவும் முட்டையிடுவது, வாங்கித் தருவதாக ஆறு குடித்தனமும் சாட்சியாகச் சத்தியம் செய்தார். ஃப்ரேமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அட்டா கத்தி கொண்டுவந்தார். இரைப்பையைப் பிளந்து பார்த்தார்கள். சோளம் இருந்தது, மணல் இருந்தது, செர்வா மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த ஒரு ஜடைமணி இருந்தது. கடைசியில், வெள்ளை வெளேரென்று, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. முற்றமே மூச்சுவிட்டது. மூன்று பயணிகளும் கைதட்டினார்கள்.

அதைப் பால் டின்னில் போட்டு, டின்னைச் செர்வாவின் கையில் கொடுத்து, பிள்ளையை ஏற்றி, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் சர்போங். பயணிகளை முற்றத்திலேயே விட்டுவிட்டோம் என்பது பாதி வழியில் நினைவுக்கு வந்தது. அதற்காகத் திரும்பிப் போகிற ஆளா அவர்?

பல் பிரிவில் நீளமாக ஒரு பெஞ்ச். பெஞ்ச் நிறைய ஆட்கள், எல்லார் கன்னத்திலும் ஒரு கை. செர்வா பிள்ளையோடு உட்கார்ந்தாள். சர்போங் உட்காரவில்லை. சீட்டு கொடுக்கும் பெண்ணிடம், பல் பாலில் ஊறிக்கொண்டிருக்கிறது என்று போய்ச் சொன்னார். அந்தப் பெண், ஊறட்டும் என்றாள். ஜன்னலுக்குப் போனார், கதவுக்குப் போனார். மறுபடியும் அவளிடம் போய், பால் புளித்துவிடும் என்றார். தகர டின் பால் புளிக்காது என்று அவள் பதில் சொன்னாள். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே, "தம்பி, உக்காருப்பா. நீ நடக்கறது என் பல்லுல குத்துது," என்றார்.

பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். இருந்தது ஒரு பெண் டாக்டர். அன்சா என்று கதவில் எழுதியிருந்தது. சர்போங் வணக்கம் சொல்வதற்கு முன்பே டின்னை நீட்டினார். டாக்டர் இடுக்கியால் அதை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கிடைச்சுது?"

"கோழி வயித்துல, டாக்டர்."

"அப்படியா. கல்லுன்னா அங்கதான் இருக்கும்."

செர்வா கூரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவது அடக்கினாளா என்று சர்போங்கால் கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்டர் கல்லை ஒரு கிண்ணத்தில் மரியாதையாக வைத்துவிட்டு மான்சாவைத் தன் பக்கம் திருப்பினார். எப்படிம்மா விழுந்தே என்று கேட்டார்.

மான்சா வாயை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு வீங்கிய உதட்டோடு சொன்னாள்: "அப்பா வண்டி போயிரும். அதான் ஓடுனேன்."

சர்போங் சுவரில் மாட்டியிருந்த பெரிய தாடைப் படத்தை, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து கிளம்பியபிறகு அவர் கால் நின்றது அப்போதுதான்.

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பல் எங்கேயும் விழவில்லை. கோழி தின்னவில்லை, ஓணான் பார்க்கவில்லை. உரல் இடித்த இடியில் ஈறுக்குள் மேலே ஏறிப்போய், அங்கேயே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே எலும்புக்குள், இனிமேல் முளைக்க வேண்டிய பெரிய பல் படுத்திருக்கிறது. நல்லவேளையாக இது அதன்மேல் இடிக்காமல் முன்பக்கமாக விலகி ஏறியிருக்கிறது.

"சரி, இப்ப என்ன பண்ணப்போறீங்க, டாக்டர்?"

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல."

"அப்ப எப்பப் பண்ணுவீங்க?"

"பண்ணவே மாட்டோம். அது தானா இறங்கும். வாரக்கணக்காகலாம், மாசக்கணக்கும் ஆகலாம். இழுக்கக் கூடாது, நோண்டக் கூடாது, ஆட்டிப் பாக்கக் கூடாது. மேல இருக்கற பல்லுக்கு அடிபட்டுரும். கொஞ்ச நாளைக்குக் கஞ்சி, மசிச்ச சாப்பாடு. சாப்பிட்டதும் மெல்லிசான பிரஷ்ல துடைச்சுவிடுங்க. ஈறு வீங்கினா, சீழ் வெச்சா, காய்ச்சல் வந்தா உடனே தூக்கிட்டு வாங்க. இல்லேன்னா நான் சொல்ற தேதிக்கு வந்தாப் போதும்."

"ஊசியாவது?"

"வேண்டாம்."

"மாத்திரை?"

"வலிச்சா மட்டும் ஒரு மருந்து. மத்தபடி பொறுமைதான்."

அந்தப் பெரிய பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காதே என்று செர்வா கேட்டாள். ஆகாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அது முளைத்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அது எப்போது முளைக்கும் என்று சர்போங் கேட்டார். ஆறு ஏழு வயசில் என்றார் டாக்டர். சர்போங் மான்சாவைப் பார்த்தார், மூன்று வயசு. மனசுக்குள் கழித்துப் பார்த்தார். விடை வந்ததும், அதுவரை தேவைப்படாத நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

சும்மா இருங்கள் என்பதை ஒரு மருந்தாக எழுதிக் கொடுத்தால் சர்போங் போன்ற நோயாளி என்ன செய்வார்? மருந்தை அளவுக்குமீறிச் சாப்பிட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. காலையில் ஒருமுறை, சவாரிக்கு நடுவே ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, செல்போன் விளக்கை அடித்து வாயைப் பார்த்தார். கொஞ்ச நாளில் அப்பாவின் முகத்தைக் கண்டாலே மான்சா சோதனைச் சாவடியில் வண்டிக் கண்ணாடியை இறக்குவதுபோல் வாயைத் திறந்துவிடுவாள். உள்ளே குழிதான். நேற்று இருந்த அதே குழி. சர்போங் நெற்றியைச் சுருக்கி, "இன்னும் வரல," என்பார், ஏதோ பஸ்ஸைச் சொல்வதுபோல. செர்வா பின்னிக்கொண்டே, வரும் என்பாள்.

ஃப்ரேமா அக்காவுக்குப் புதுக்கோழி வந்துவிட்டது. ஆனாலும் பழைய கோழியின் நினைவைச் சுலபத்தில் விடுகிறவள் அல்ல அவள். கல்லுக்காக உயிர்விட்ட கோழி என்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்னாள். அந்தக் கோழியின் சாறு ஆறு குடித்தனத்துக்கும் போனதையும் அவளுடைய கிண்ணம்தான் பெரிய கிண்ணம் என்பதையும் சொல்ல மறந்துவிடுவாள்.

நிலையத்திலும் விஷயம் தெரிந்துவிட்டது. பயணிகள் மூன்று பேரும் சும்மா இருப்பார்களா? சர்போங் வண்டியை வரிசையில் விட்டதும் யாராவது ஒருவர், பல் இறங்கிவிட்டதா என்று கேட்பார். இன்னொருவர், கோழியைக் கேட்டுப் பார் என்பார். சர்போங் இரண்டு பேரோடு கிளம்பிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செர்வா மூத்த பெண்களோடு மாதா கோவிலுக்குப் போயிருந்தாள். மான்சாவுக்கு லேசாகச் சளி, அப்பாவோடு வீட்டில் இருந்தாள். எலக்ட்ரீசியன் அட்டா வந்து உட்கார்ந்தார். கையில் கூர்மூக்குக் குறடு. சாராயத்தில் முக்கித் துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தார், அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

"உள்ள மாட்டிக்கிட்ட வயர இழுக்கறதில்லையா? அந்த மாதிரிதான்ணே. நுனி தெரிஞ்சாப் போதும். ஒரே இழுப்பு. டாக்டருங்களுக்கு என்ன, மாசாமாசம் வரச் சொல்லுவாங்க."

சர்போங் மான்சாவை மடியில் உட்காரவைத்தார். அவள் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். அவர் விளக்கை அடித்தார். குழியின் அடியில், ஈறு கொஞ்சம் வெளுத்து, ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அட்டா குனிந்து, இருக்கு இருக்கு என்றார். ஒரே இழுப்பில் எல்லாம் முடிந்துவிடும். பார்த்துப் பார்த்துச் சலிக்கும் வேலை முடியும், ஃப்ரேமாவின் வாய் மூடும், நிலையத்தில் நிம்மதியாக மூன்று பேரை ஏற்றலாம். சர்போங்கின் கை குறட்டுக்காக நீண்டது. குறடும் கைக்கு வந்தது.

மான்சா வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள். அழவில்லை, நெளியவில்லை. தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்பதுபோல் வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள். உதட்டோரம் எச்சில் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அப்பா பார்த்து முடிக்கட்டும் என்று இருந்தாள்.

சர்போங் குறட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னண்ணே?"

"பிடி சரியில்ல இதுல."

"நல்ல குறடுண்ணே, புதுசு."

"அதான் சொல்றேன். புதுசு. இன்னும் பழகணும்," என்று சொல்லி, தன் அறையில் ரொம்ப நாளாக மினுக்கிக்கொண்டிருந்த ஒரு பல்பைப் பார்க்கச் சொல்லி அட்டாவை அனுப்பிவைத்தார். பிறகு சட்டை நுனியால் மான்சாவின் உதட்டைத் துடைத்து, வாயை மூடும்மா என்றார்.

அன்று அவர் மறுபடி விளக்கை அடிக்கவில்லை. அடுத்த நாளும் அடிக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் காலில் எறும்பு ஏறியதுபோல் இருந்தார் என்று செர்வா சொன்னாள். சாப்பிடும்போது நடந்தார், பேசும்போது சாவிக்கொத்தைக் குலுக்கினார், கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். பிள்ளையின் வாய் தவிர மற்ற எல்லாவற்றையும் நோண்டினார்.

அதற்கப்புறம் ஒரு காலை. முதல் சவாரி, வண்டியில் மூன்று பேர். வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சர்போங் வேகத்தைக் குறைத்தார். ஹாரன் அடிக்கவில்லை. வாசலுக்கு நேரே ஓரமாக ஒதுக்கி, இன்ஜினை அணைத்தார்.

வாசல் வழியாகப் பார்த்தால் முற்றம் தெரியும். மான்சா முக்காலியில் உட்கார்ந்து சோளக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி எடுப்பாள், ஊதுவாள், ஓணானைப் பார்ப்பாள், அப்புறம் ஒரு பக்கமாக ஒதுக்கி விழுங்குவாள். கிண்ணத்தில் பாதிக்குமேல் இருந்தது.

பின்சீட்டில் இருந்த பெண்மணி யாராவது ஏறப்போகிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றார் சர்போங். பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டிரைவர், நீங்க யாருக்கும் நிக்கமாட்டீங்கன்னு சொன்னாங்க. அத நம்பித்தான் இந்த வண்டில ஏறுனேன்."

"இன்ஜின் சூடாயிருச்சு."

"இப்பத்தானே எடுத்தீங்க?"

"அதனாலதான்," என்றார் சர்போங். இறங்கிப் போய் முன்மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாம் குளிர்ந்து, ஒழுங்காக, அதது இடத்தில் இருந்தது. அவர் ஒரு வயரைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் மூடியைத் திறந்து மூடினார். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்துவிட்டு, இது சர்போங் வண்டிதானா என்று சந்தேகப்பட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

முன்மூடிக்கு மேலாக அவர் முற்றத்தை எட்டிப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவிடம் வாயைத் துடைக்கக் கொடுத்துவிட்டு, மான்சா வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தாள். நடந்துதான் வந்தாள். வழியில் ஒரு செருப்பு கழன்றது. குனிந்து, அதைத் திருப்பி, எந்தக் கால் என்று யோசித்து, மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

சர்போங் மறுபடியும் குனிந்து இன்ஜினைப் பார்த்தார்.